ஓவியர் வாய்மொழி: தமிழக நவீன ஓவிய வரலாற்றில் கலைஞர் குரல்

திருவாரூர்த் தியாகராசர் திருக்கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை வண்ணத்தில் எழுதப்பட்டுள்ளது. குரங்கு முகம் கொண்ட சோழ மன்னன் இந்திரனுக்குத் துணைநின்று போரிட்டு, அவனிடமிருந்து விடங்கப் பெருமானைப் பெற்று ஆரூருக்குக் கொணர்ந்த கதை அது. மராட்டிய மன்னர் ஆட்சிக் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதென ஆய்வாளர் கருதும் இவ்வோவியத் தொகுதியில், காட்சிகளை விளக்கும் தமிழ்க் குறிப்புகள் வரிசையாக அமைந்துள்ளன. அக்குறிப்புகளுக்கிடையே ஓர் ஓவியரின் பெயரும் நிற்கிறது. சிங்காதனம் என்பது அவர் பெயர். இறைவனை வணங்கி நிற்கும் தம் உருவத்தையும் எழுதி, தம் பெயரையும் அவர் எழுதி வைத்தார்.

இது சிறு செய்தியாகத் தோன்றலாம். தமிழக ஓவிய வரலாற்றோடு சேர்த்து நோக்கும்போதுதான் இதன் அருமை விளங்கும். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் 'சித்திரகாரப்புலி' என்னும் விருதுப்பெயரைக் கொண்டிருந்தான். அவன் காலத்து ஓவியர் எவருடைய பெயரும் கிடைக்கவில்லை. சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் புதுக்கிய மதுரையாசிரியர் இளங்கௌதமன் பெயரைக் கல்வெட்டுக் காட்டுகிறது. தாமரைக் குளத்தை எழுதிய கை யாருடையது என்பதை அக்கல்வெட்டுக் காட்டவில்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பெயரும் மனை வரிசையும் குறித்துப் பதிவு செய்கின்றன. கோயிலை எடுத்த குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயரும் அங்கு உண்டு. ஆயினும் கருவறையைச் சுற்றிய உள் நடையில் எழுதப்பெற்று, பிற்காலச் சுதைப்பூச்சின்கீழ் மறைந்து கிடந்து, 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி அவர்களால் கண்டறியப்பட்ட சோழர் ஓவியங்களின் அருகே ஓவியர் பெயர் இல்லை. மணிமேகலை குறிக்கும் ஓவிய நூலும் இன்று கைக்கு எட்டவில்லை. படைப்பு நிற்க, படைத்தவன் சொல் மறைந்துபோவதே இந்நாட்டின் பொது வழக்காக இருந்துள்ளது.

அவ்வழக்கு மன்னர் காலத்தோடு முடிந்துவிட்டதா, அன்றி நவீன காலத்திலும் தொடர்கிறதா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா. கடந்த 75 ஆண்டுகளில் தமிழகத்தில் எழுந்த நவீன ஓவிய இயக்கத்தில் ஓவியர்கள் தம் கலையைக் குறித்துத் தாமே பேசினர், எழுதினர். அவர்கள் எம்மொழியில் பேசினர், யாரிடம் பேசினர், எவ்வளவு எஞ்சியுள்ளது என்பவற்றை வரலாற்று முறையில் காண்பது கவிஞர்க்கும் பயன் தரும்.

அதிகாரிகளின் எழுத்தும் மாணவரின் மௌனமும்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. கைத்தொழில் வல்லாரைப் பயிற்றுவிப்பதே அதன் முதல் நோக்கம். பின்னர் அதன் கண்காணிப்பாளராக வந்த இ.பி. ஹாவெல் இந்தியக் கலையைப் பற்றி நூல்கள் எழுதிப் பெரும்புகழ் பெற்றார். பள்ளியைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி ஆங்கில அதிகாரிகள் எழுதியவை. அங்கே மண் பிசைந்தவரும், மரம் செதுக்கியவரும், பொன்வேலை பழகியவரும் அப்பதிவுகளில் தொழிலாளர் எண்ணிக்கையாகவே இடம்பெறுகின்றனர்.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றார். மெரினாக் கடற்கரையில் 1959இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலையைப் படைத்தவர் அவர். அவருடைய மாணவர்கள் காலத்தில்தான் நிலைமை மாறத் தொடங்கியது. அவர்களுள் ஒருவரான கே.சி.எஸ். பணிக்கர் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், 1957 முதல் 1967 வரை கலைப்பள்ளியின் முதல்வராக விளங்கினார். தமிழகம், கேரளம், ஆந்திரம், கருநாடகம் என நான்கு நிலப்பகுதிகளிலிருந்தும் வந்த இளைஞர் அவரிடம் பயின்றனர். பின்னாளில் 'சென்னை இயக்கம்' எனப் பெயர் பெற்ற கலைப்போக்கு அவ்வகுப்பறைகளில் உருவாயிற்று.

பணிக்கரின் வினாவும் விடையும்

பணிக்கரின் கலைவாழ்வில் திருப்பமாக அமைந்த ஒன்றை அவரைப் பற்றி எழுதியோர் பலரும் குறிப்பர். 1954இல் அவருடைய ஓவியங்கள் ஐரோப்பாவில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, இவற்றில் இந்தியத் தன்மை எங்கே உள்ளது என்னும் பொருளில் ஒரு விமர்சகர் வினவினார். அவ்வினா பணிக்கரை நெடுங்காலம் விடவில்லை. மேலைநாட்டார் கண்டறிந்த முறையை அப்படியே பின்பற்றும் இந்திய ஓவியர் உலகுக்குத் தம் பங்காகத் தருவது யாது என்று அவர் தம்மையும் மாணவரையும் தொடர்ந்து கேட்டுவந்தார்.

1963 முதல் அவர் எழுதிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை அவ்வினாவிலிருந்து கிளைத்தது. கணக்கேட்டின் எண்களும், இயற்கணிதக் குறிகளும், சாதகக் கட்டங்களும் அவ்வோவியங்களில் நிறைந்தன. முதலில் ரோம எழுத்துகளையும் பின்னர் மலையாள எழுத்து வடிவங்களையும் அவர் கையாண்டார். அவ்வெழுத்துகள் பொருள் தேடிப் படிப்பதற்குரியன அல்ல என்பதை அவரே விளக்கியிருக்கிறார். பனையோலையிலும் சாதகத்திலும் எழுத்தைக் கண்டு வளர்ந்த ஒரு மரபினருக்கு எழுத்தின் தோற்றமே ஓர் அழகுப் பொருள் என்பது அவர் கண்ட உண்மை. சொல்லின் பொருளையே நாடிப் பழகிய கவிஞர்க்கு இது சிந்தனைக்குரிய செய்தி. ஓவியரே சொல்லியிராவிட்டால், பார்ப்போர் அவ்வெழுத்துகளைப் படிக்க முயன்று பொருள் காணாது திகைத்திருப்பர்.

ஓவியர் தம் கருத்தைத் தாமே சொல்வதற்கு ஓர் இதழ் வேண்டும் என்ற எண்ணத்தில் 1961இல் முற்போக்கு ஓவியர் சங்கம் 'ஆர்ட் டிரெண்ட்ஸ்' என்னும் கலையிதழைத் தொடங்கியது. ஓவியரும் சிற்பியரும் அதில் எழுதினர். ஒருவர் படைப்பை மற்றொருவர் மதிப்பிட்டனர். கலைஞர்கள் தாமே நடத்திய இதழ் என்ற வகையில் அதற்குத் தனிச்சிறப்பு உண்டு. ஆனால் அதன் மொழி ஆங்கிலம். நான்கு மொழி பேசும் கலைஞர்க்குப் பொதுவாக ஒரு மொழி தேவைப்பட்டது என்பது ஏற்கத்தக்க காரணமே. எனினும் அதன் விளைவு ஒன்றும் நேர்ந்தது. சென்னையில் அமர்ந்து ஓவியர் பேசியதை தில்லியும் இலண்டனும் கேட்க முடிந்தது. தஞ்சையிலும் ஆரூரிலும் தமிழ் மட்டுமே அறிந்து கலையில் நாட்டம் கொண்டிருந்தவர்க்கு அது எட்டவில்லை.

கடலோரத்துச் சோழமண்டலம்

1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. ஓவியம் விற்று உயிர்வாழ முடியாத காலம் அது. இளங்கலைஞர் ஒன்றுகூடி, பத்திக் முறையில் துணிக்கு மெழுகிட்டுச் சாயமேற்றுதல் முதலிய கைவினைகளைச் செய்து விற்றனர். அவ்வருவாயிலிருந்து நிலம் வாங்கினர். காலையில் கைவினை, எஞ்சிய நேரத்தில் ஓவியம் என்ற ஏற்பாடு பலரைக் காப்பாற்றியது. அரசின் கொடையையோ செல்வர் ஒருவரின் ஆதரவையோ நம்பாது கலைஞரே தம் உழைப்பால் எழுப்பிய ஊர் அது. சோழ நாட்டின் பெயரை அதற்கு இட்டதில் காவிரிக் கரையினர் மகிழ்வதற்கு இடமுண்டு.

அங்கு வாழ்ந்தோருள் ஜே. சுல்தான் அலி பழங்குடியினர் கலையிலிருந்தும் தொன்மங்களிலிருந்தும் உருவங்களைப் பெற்றவர். கே.வி. ஹரிதாசன் தாந்திரிக வடிவங்களில் ஈடுபட்டவர். எஸ்.ஜி. வாசுதேவ், பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் முதலியோரும் அவ்வூரினர். பணிக்கர் 1977இல் மறைந்தார். 2004இல் ஜோசப் ஜேம்ஸ் தொகுத்த நூலொன்று அக்கிராமத்தின் வரலாற்றை விரிவாகத் தந்தது. 2009இல் சென்னை இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது. இவையனைத்தும் பாராட்டத்தக்கவை. ஆயினும் அந்நூலும் ஆங்கில நூலே.

பெண் கலைஞர் குரல் இன்னும் மெலிந்து கேட்கிறது. பொன்னானியில் 1940இல் பிறந்து பணிக்கரிடம் சென்னையில் பயின்ற டி.கே. பத்மினி, 29 வயது நிரம்புமுன் 1969இல் மகப்பேற்றின்போது மறைந்தார். பெண்ணுடலையும் பெண்ணின் தனிமையையும் அவரைப்போல் எழுதியவர் அத்தலைமுறையில் அரியர். சோழமண்டலத்தில் வாழ்ந்த அர்ணவாஸ் 1988இல் மறைந்தார். இவ்விருவர் ஓவியங்களும் எஞ்சியுள்ளன. அவற்றை எழுதிய நாள்களில் அவர்கள் எண்ணியது என்ன, வீட்டுக்கும் வண்ணப்பலகைக்குமிடையே அவர்கள் நேரத்தை எவ்வாறு பகிர்ந்தனர் என்பதை அவர்கள் வாயிலாகவே விரிவாகக் கேட்டு எழுதிவைக்கும் வாய்ப்பைக் காலம் பறித்துக்கொண்டது.

தமிழில் பேசிய சிற்பி

தமிழில் தம் வாழ்வைத் தாமே சொன்ன கலைஞர் என்ற பெருமைக்குரியவர் எஸ். தனபால். 1919இல் மயிலாப்பூரில் பிறந்தவர், ராய் சௌத்ரியின் மாணவர், நடனமும் பயின்றவர், ஓவியராகத் தொடங்கிச் சிற்பியாக மலர்ந்தவர். 1972 முதல் 1977 வரை கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்தார். பெரியாரின் உருவத்தை வடித்த அவர் கை, ஔவையையும் இயேசுவையும் வடித்தது. 'ஒரு சிற்பியின் சுயசரிதை' என்னும் தலைப்பில் இதழொன்றில் தொடராக வந்த அவருடைய நினைவுகள், 2000இல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே நூல் வடிவம் பெற்றன.

அத்தன்வரலாறு ஏன் முதன்மையானது? கலை விமர்சகர் ஒரு சிற்பத்தின் வடிவமைதியைக் கூறுவார். ஆசிரியர் முன் மாணவன் நின்ற நிலை, கலைப்பள்ளியில் சேர்வதைக் குடும்பம் ஏற்ற விதம், கிடைத்த ஊதியம், உடன் பயின்றோரின் நட்பு ஆகியவற்றைச் சிற்பியே சொல்ல முடியும். ஆங்கிலக் கட்டுரைகளில் கருத்தாக மட்டும் நிற்கும் சென்னைக் கலைப்பள்ளி, தனபாலின் சொல்லில் மனிதர் நடமாடும் இடமாகிறது. நடனம் பயின்ற உடல் களிமண்ணில் அசைவைத் தேடியது இயல்பே என்பதும் அவர் வாழ்வைப் படிப்போர்க்கு எளிதில் புலப்படும். தமிழில் இத்தகைய நூல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாக உள்ளமை வருந்தத்தக்கது.

சிற்றிதழும் ஓவியமும்

ஆங்கிலத்தில் ஒலித்த ஓவியர் குரலைத் தமிழுக்கு அழைத்துவந்த பெருமை பெரும்பாலும் சிற்றிதழ்களைச் சாரும். 1970இல் தொடங்கிய 'கசடதபற' இதழில் கவிஞரும் ஓவியரும் ஒருங்கே இயங்கினர். அவ்விதழோடு தொடர்புடைய மூவர் இம்மண்ணைச் சார்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஞானக்கூத்தன் மயிலாடுதுறையை அடுத்த திருஇந்தளூரில் பிறந்தவர். ந. முத்துசாமி புஞ்சை என்னும் ஊரினர்; பின்னர்க் கூத்துப்பட்டறையை நிறுவியவர். சா. கந்தசாமி மயிலாடுதுறையினர், 'சாயாவனம்' எழுதியவர். காவிரிக் கரையிலிருந்து சென்னை சென்ற இவ்விளைஞர், கலைக்கல்லூரி ஓவியர்களோடு கொண்ட நட்பு தமிழ்ப் புத்தகத்தின் தோற்றத்தையே மாற்றியது எனலாம். சா. கந்தசாமி, தனபாலைப் பற்றி ஒரு குறும்படமும் எடுத்தார். சுடுமண் உருவங்களைக் குறித்த அவருடைய 'காவல் தெய்வங்கள்' என்னும் படம் வெளிநாட்டுப் பரிசும் பெற்றது.

அந்நட்பின் நடுவே நின்றவர் கே.எம். ஆதிமூலம். துறையூர் அருகே கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தியடிகளின் கோட்டோவியங்கள் புகழ்பெற்றன. சிற்றிதழ்களுக்கும் கவிதை நூல்களுக்கும் அவர் எழுதித் தந்த அட்டைகளும் தலைப்பெழுத்துகளும் பல. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடராக வந்தபோது அவர் வரைந்த கோடுகள் கரிசல் மனிதரை இலட்சக்கணக்கான வாசகர்முன் நிறுத்தின. பணிக்கர் எழுத்தை ஓவியத்துக்குள் கொணர்ந்தார். ஆதிமூலம் ஓவியத்தின் உயிர்ப்பை அச்செழுத்துக்குள் கொணர்ந்தார். 2008இல் அவர் மறைந்தார்.

ஆதிமூலத்தைப் போன்று பலர் நெசவாளர் சேவை மையத்தில் பணிபுரிந்தோர் என்பதும் இங்குக் கருதத்தக்கது. கைத்தறிக்குப் புதிய வடிவங்களை அமைத்துத் தருவது அம்மையத்தின் பணி. பகலில் சேலைக்கரை வரைந்த கை, இரவில் அரூப ஓவியம் எழுதியது. துணியின் ஊடும் பாவும் ஓவியரின் கோட்டில் என்ன மாற்றம் செய்தன? இவ்வினாவுக்கு விடை சொல்லத்தக்கவர் அங்கே பணிபுரிந்த ஓவியரே. நேர்காணல் வழியாகவன்றி வேறெவ்வகையாலும் அவ்விடை கிடைக்காது.

இத்தாலியில் ஒரு முயற்சி

ஓவியர் வாய்மொழியையே கலை வரலாறாக அமைக்கும் முயற்சி பிறநாடுகளில் எவ்வாறு நடந்தது என்பதைக் காண்பது ஒப்பீட்டுக்கு உதவும். இத்தாலியில் இம்மரபு பழையது. ஓவியரான ஜார்ஜோ வசாரி 1550இலேயே கலைஞர் வரலாறுகளைத் தொகுத்து நூலாக்கினார். மைக்கேலாஞ்சலோ ஏறத்தாழ 300 கவிதைகளை விட்டுச் சென்றார். 1909இல் மாரினெத்தி என்னும் கவிஞர் எதிர்காலவாத அறிக்கையை வெளியிட்டார்; அடுத்த ஆண்டே பொச்சோனி முதலிய ஓவியர் தமக்கென ஓர் அறிக்கையை எழுதினர். கவிஞன் பேச, ஓவியன் உடனே மறுமொழி கூறும் சூழல் அங்கு நிலவியது.

சோழமண்டலம் எழுந்த அதே காலத்தில், கார்லா லோன்ஸி என்னும் பெண் விமர்சகர் ஒலிப்பதிவுக் கருவியோடு கலைஞர்களிடம் சென்றார். 14 கலைஞர்களின் உரையாடலைப் பதிவு செய்து, அவற்றை எழுத்தாக்கி, அனைவரும் ஒரே அவையில் அமர்ந்து பேசுவதுபோல் இணைத்து, 1969இல் 'தன்னுருவச் சித்திரம்' எனப் பொருள்படும் 'ஆட்டோரித்ராத்தோ' என்ற நூலை வெளியிட்டார். திரையைக் கத்தியால் கிழித்துப் புதுமை செய்த லூச்சோ ஃபொன்தானா, அரூப ஓவியரான கார்லா அக்கார்டி, நிலக்கரியையும் சாக்கையும் கலைப்பொருளாக்கிய யான்னிஸ் கூனெல்லிஸ், இளம் சிற்பி பீனோ பாஸ்காலி ஆகியோர் அதில் பேசுகின்றனர். விமர்சகர் மேலே நின்று தீர்ப்புக் கூறும் முறையில் நம்பிக்கை இழந்த லோன்ஸி, தம் குரலையும் அவ்வுரையாடலில் ஒன்றாக வைத்தார். அந்நூலுக்குப்பின் கலை விமர்சனத்தையே விட்டுப் பெண் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார்.

அந்நூலில் இரு செய்திகள் மறக்கவொண்ணாதவை. ஃபொன்தானாவும் பாஸ்காலியும் 1968இலேயே, நூல் வெளிவருமுன்னரே மறைந்தனர். ஓராண்டு தாழ்ந்திருந்தால் அவ்விருவர் குரலும் அந்நூலுக்குக் கிடைத்திரா. மற்றொன்று, உரோமில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் சை டுவாம்ளியைப் பற்றியது. லோன்ஸி அவரிடம் கேட்ட வினாக்கள் நூலில் உள்ளன. விடை வரவேண்டிய இடந்தோறும் மௌனம் என்றே குறிக்கப்பட்டுள்ளது. விடை கூறாமையையும் ஒரு விடையாக அவர் மதித்துப் பதிவு செய்தார்.

இராமானுஜத்தின் மௌனம்

அத்தகைய மௌனம் ஒன்று சோழமண்டலத்திலும் உண்டு. கே. இராமானுஜம் அங்கே வாழ்ந்த ஓவியர். கனவு மாளிகைகள், பறக்கும் உயிர்கள், தொப்பியணிந்த தம் உருவம் ஆகியவற்றை மையால் நுணுக்கமாக வரைந்தவர். மிகக் குறைவாகவே பேசியவர். 1973இல் இளவயதிலேயே மறைந்தார். அவர் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வரும் அந்த மாளிகைகள் யாருடையவை, அங்கே அவர் யாரைத் தேடினார் என்பதை அவர் வாய்மொழியாகப் பெற இயலாது போயிற்று. அவர் மறைந்து ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் எழுத்தாளர் சி. மோகன், 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' என்னும் நாவலில் இராமானுஜத்தின் வாழ்வைப் புனைந்தார். ஓவியன் சொல்லாமற் போனதை நாவலாசிரியன் கற்பனையால் நிரப்ப நேர்ந்தது. அது தமிழ் இலக்கியத்துக்கு ஆக்கமே. ஆயினும் கேட்கத்தக்க காலத்தில் கேட்டிருந்தால் வரலாற்றுக்கும் சில சொற்கள் கிடைத்திருக்கும்.

வின்சென்ட் வான்கோ தம் தம்பி தியோவுக்கு எழுதியவற்றுள் 650க்கும் மேற்பட்ட கடிதங்கள் எஞ்சியுள்ளமையால்தான், அவர் மஞ்சளை ஏன் நாடினார் என்பதை உலகம் அவர் சொல்லாலேயே அறிகிறது. தமிழகத்து ஓவியரும் நண்பர்க்குக் கடிதம் எழுதியிருப்பர், நாட்குறிப்பு வைத்திருப்பர். அவை எந்தப் பரணில் உள்ளன என்று தேடுவோர் வேண்டும்.

காவிரிக் கரையின் கலைஞர்

இவ்வாய்வைச் சென்னையோடு நிறுத்திக்கொள்ளுதல் முறையாகாது. 1887இல் தொடங்கப்பெற்ற கும்பகோணம் கலைப்பள்ளி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. காவிரிக்கரை இளைஞர் பலருக்கு ஓவியக் கல்வியின் வாயில் அதுவே. கும்பகோணத்தை அடுத்த உப்பிலியப்பன்கோயிலில் 1947இல் பிறந்த வீர. சந்தானம் நவீன ஓவியராக வளர்ந்து, நெசவாளர் சேவை மையத்திலும் பணிபுரிந்தார். ஈழத்தமிழர் துயரைத் தம் தூரிகைக்குப் பொருளாக்கினார். மேடைகளிலும் அஞ்சாது பேசினார். தஞ்சையை அடுத்த விளாரில் 2013இல் திறக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் முற்றத்தின் சிற்ப அமைப்பில் அவர் பங்கு பெரிது. 2017இல் அவர் மறைந்தார். அவர் மேடைப்பேச்சைக் கேட்டோர் பலர். வண்ணம், கோடு, தோற்பாவை உருவங்கள்பால் தமக்கிருந்த ஈடுபாடு ஆகியவற்றைக் குறித்து அவர் கூறியவற்றைத் தொகுத்தோர் அத்துணைப் பேர் இலர்.

ஓவியக் கல்லூரிக்கு வெளியேயும் குரல்கள் உள்ளன. சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் படிமம் செய்யும் ஸ்தபதியர், தென்னங்கீற்றை மடித்து அளவு குறிக்கும் ஒடியோலையையும், வார்ப்புக்கு ஏற்ற காவிரி வண்டலையும் பற்றிப் பேசும் சொற்கள் தலைமுறை தலைமுறையாகச் செவிவழி வந்தவை. தஞ்சாவூர் ஓவியம் எழுதுவோர் பலகைமேல் துணி ஒட்டி, சுதையால் மேடு அமைத்து, பொன்தகடு பதிக்கும் முறைக்கும் தனிச்சொற்கள் உண்டு. இச்சொற்களிற் பல அகராதி ஏறாதவை. பட்டறை ஒன்று மூடப்படும்போது படிமங்கள் ஏதேனும் ஓரிடத்தில் நிலைத்திருக்கும். அச்சொற்களுக்கு வேறு புகலிடம் இல்லை. சொல்லைத் தம் தொழிலாகக் கொண்ட கவிஞர்க்கு இவ்விழப்பின் பெருமை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

வாய்மொழியின் எல்லை

ஓவியர் கூறுவதனைத்தும் அப்படியே வரலாறாகிவிடுமா என்ற ஐயம் எழுதல் இயல்பு. நினைவு பிழைபடும். ஆண்டுகள் இடம் மாறும். ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறுவர். தம் படைப்பை உயர்த்தியும் உடனுறைந்தார் படைப்பைத் தாழ்த்தியும் பேசுதல் மனித இயல்பு. ஓவியர் தாம் எண்ணியதைச் சொல்வார். ஓவியம் அவர் எண்ணாத ஒன்றையும் காட்டி நிற்கும். ஆதலின் வாய்மொழியைப் படைப்போடும், கண்காட்சி ஏட்டோடும், பிறர் கூற்றோடும் ஒப்பிட்டே கொள்ளுதல் வேண்டும். கல்வெட்டையும் செப்பேட்டையும் ஆய்வாளர் அவ்வாறே ஒப்பிட்டுக் கொள்கின்றனர். ஒப்பிடுவதற்கும் முதலில் பதிவு ஒன்று வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது.

முறையும் எளியதே. ஓவியரிடம் 'உங்கள் கலைக்கொள்கை யாது' என்று கேட்டால் பொதுவான விடையே வரும். முதல் வண்ணப்பெட்டி எங்கே வாங்கியது, முதல் ஓவியம் என்ன விலைக்குப் போயிற்று, எந்த ஓவியத்தை அழித்தீர், ஏன் அழித்தீர் என்று கேட்டால் வரலாறு வரும். அவர் பேசும் வட்டாரச் சொல்லைத் திருத்தாது எழுதுதல் வேண்டும். பேசிய நாளையும் இடத்தையும் குறித்தல் வேண்டும். அவர் விடையளிக்காது விட்ட வினாவையும், லோன்ஸி செய்ததுபோல், விடுபடாது குறித்தல் வேண்டும்.

தேவாசிரிய மண்டபத்தில் திகழ்ந்த அடியாரைக் கண்டே சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடினார் என்பது மரபு. அடியார் பெயர்களைத் தொகுத்த அச்சிறு பதிகம் இல்லையேல், நம்பியாண்டார் நம்பிக்கு அந்தாதி இல்லை. சேக்கிழார்க்குப் பெரியபுராணமும் அமைந்திராது. பெயர்களைத் தொகுத்து வைத்த ஒரு புலவரின் செயலிலிருந்து பெருங்காப்பியமே எழுந்தது. அம்மண்டப விதானத்து ஓவியங்களை இந்நூற்றாண்டில் பிரகிருதி அறக்கட்டளையின் துணையோடு இன்டாக் அமைப்பினர் தூய்மை செய்து காத்தனர். வி.கே. ராஜாமணியும் டேவிட் சுல்மனும் 2011இல் அவற்றை நூலாகவும் வெளிக்கொணர்ந்தனர். சிங்காதனத்தைப் பற்றி அறியக் கிடைப்பன அவர் எழுதிய உருவமும் சில சொற்களுமே. அவரை அருகிருந்து கேட்டு எழுதிவைத்தார் எவரும் அன்று இருந்ததாகத் தெரியவில்லை.

இன்றைய ஓவியர்க்கு அந்நிலை நேர வேண்டுவதில்லை. சென்னை இயக்கத்தின் முதல் தலைமுறையினர் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். ஏ.பி. சந்தானராஜ் 2009இலும், எல். முனுசாமி 2020இலும் விடைபெற்றனர். அவர்களிடம் பயின்றோர் முதுமையை எட்டியுள்ளனர். இலக்கிய வட்டம் ஒவ்வொன்றும் தன் ஊரைச் சார்ந்த ஓவியர் ஒருவரையோ சிற்பி ஒருவரையோ ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து, அவர் பேச்சைத் தமிழிலேயே பதிவு செய்து அச்சேற்றினால், அடுத்த 10 ஆண்டுகளில் 10 கலைஞர் குரல் நிலைபெறும். பெருநிதியும் பெரிய அமைப்பும் அதற்குத் தேவையில்லை. பொறுமையாகக் கேட்கும் செவியும், கேட்டதைப் பிழையின்றி எழுதும் கையும் போதும்.